பதிவு தேவையில்லை

வகாசா கடற்கரையிலிருந்து ஃபுகுய் நகரத்துக்கு
ரயிலில் போனேன், மடியில் மாமியாரின் குறுவாள்.
பட்டுப் பை, அதன்மேல் துண்டு, துண்டின்மேல்
கைப்பை, கைப்பையின்மேல் என் இரண்டு கைகள்.
எதிர் இருக்கைப் பள்ளிக்கூடப் பெண்
மதியச் சாப்பாடு என்று நினைத்திருப்பாள்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்து
கிமோனோப் பெட்டியின் அடித்தட்டைத் திறந்தபோதுதான்
முதன்முதலாக அதைத் தொட்டேன்.
முப்பத்திரண்டு வருடம் கேள்விப்பட்டது மட்டும்.
"பெட்டியில் இருக்கிறது" என்பார் ஷிகே.
என்னவென்று சொல்லமாட்டார்.
மாமனார் குடித்துவிட்டுக் கை ஓங்கும் இரவுகளில்
அவர் கத்தியதில்லை, அழுததில்லை.
பெட்டி இருக்கும் திசையில் ஒருமுறை பார்ப்பார்.
ஓங்கிய கை
தலை சொறியப் போய்விடும்.

உறை முழுக்க எங்கள் ஊர் அரக்கு:
முட்டையோட்டுத் துணுக்கும் கிளிஞ்சல் பொடியும் புதைத்துத்
தேய்த்துத் தேய்த்து எடுத்த கடலடி.
பிடியில் திருக்கைத் தோல்,
வெந்த சோற்றுப் பருக்கைகளை
ஒட்டிவைத்ததுபோல் வெள்ளை வெள்ளையாய்.
அந்தச் சோற்றின்மேல் பக்கத்துக்கு ஒன்றாக
இரண்டு வெள்ளி நண்டுகள்.
ஒன்றுக்கு ஒரு கொடுக்கு இல்லை.
உறையின் விலாவில் சிறுகத்தி செருகும் பள்ளம்
பல் விழுந்த இடம்போலக் காலி.

காவல் நிலையத்தில் மீசை முளைக்காத ஒருவன்
இழுத்துப் பார்த்தான். ஈரத்தில் இறுகியிருந்தது.
இன்னொருமுறை இழுக்க அவனுக்கு மனமில்லை.
"நீளம்: தோராயம்" என்று எழுதிச்
சான்றிதழை நீட்டினான்,
இரண்டு கையாலும், குனிந்து.

மாகாண அலுவலகம், மூன்றாம் மாடி.
எனக்கு முன்னால் ஆறு பேர், ஆறு நீளத் துணிச்சுருட்டு.
யாரும் யாரையும் பார்க்கவில்லை,
மூலவைத்தியர் வீட்டு வாசல் மாதிரி.

பரிசோதகர் ஹிபினோ
வாயில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டார்,
எஃகின்மேல் மூச்சு படக்கூடாதாம்.
உறையைக் கட்டைவிரலால் நெம்பினார்.
டக்.
வந்தது மரம்.

வாள்போலவே சீவிய, நுனியைக்கூட வளைத்த,
வழவழப்பான வெளுத்த மரம்.
வாள் பிரிந்துபோன வீடுகளில்
உறையும் பிடியும் ஒன்றையொன்று விடாமலிருக்க
உள்ளே இப்படி ஒன்றை வைப்பார்களாம்.
கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
இனி மூச்சு விடலாம்.

மூங்கில் ஆணியைத் தட்டிப் பிடியைக் கழற்றினார்.
கொல்லன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
எனக்குத் தெரிந்த கையெழுத்து,
ஊறுகாய்ச் சாடிகளில் தேதி போடும் அதே சாய்வு.

*ஷோவா 21, நவம்பர்.
வாள்: அரிசி இரண்டு மூட்டை, சோயா ஒரு பீப்பாய்.
சிறுகத்தி: குழந்தைக்கு ஊசிமருந்து.
நண்டுகளையும் கேட்டார். கொடுக்கவில்லை.*

அந்தக் குழந்தைதான் என் கணவர்.

"இது ஆயுதம் அல்ல" என்றார் ஹிபினோ.
"பதிவு தேவையில்லை. கட்டணமும் இல்லை."
மன்னிப்புக் கேட்பவர்போல் குனிந்தார்.
நானும் குனிந்தேன், சிரிப்பை மறைக்க.
அறுபத்து மூன்று வருடம்!
இரண்டு மூட்டை அரிசி
அந்தக் குளிர்காலத்தைக்கூடத் தாண்டியிருக்காது.

திரும்பும்போது பையை மேல்தட்டில் எறிந்துவிட்டு
வாய் திறந்து தூங்கினேன்.
ட்சுருகாவில் வண்டி மாற வேண்டும்;
யாரோ தோளைத் தட்டி எழுப்பினார்கள்.

ஸ்டேஷன் வாசலில் கத்சுமி,
காரை அணைக்காமல் காத்திருந்தார்.
"யார் செய்த வாள்? பெயர் இருந்ததா?"
"இருந்தது."
"நல்ல பெயரா?"
"ரொம்ப நல்ல பெயர்."
பாலம் வந்தது, போனது.
"கூர் எப்படி?"

"அதை மட்டும் கேட்காதீர்கள்" என்றேன்.
"பெட்டியிலேயே இருக்கட்டும்."

கியரிலிருந்து அவர் கை
மெதுவாகத் தலைக்குப் போயிற்று.