முப்பத்தெட்டாவது தொப்பி

பத்தொன்பது வருடமாக
நிக்கோவுக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
கோயில் எப்படி என்று யாராவது கேட்டால்
வண்டி நிறுத்துமிடம் அருமை என்பேன்:
தேவதாரு நிழல்,
சில்லறையை விழுங்கிவிடாத காப்பி இயந்திரம்.

இன்று கடைசி வரிசை ஜன்னலோரம்
ஒரு மஞ்சள் தொப்பி.
உள்ளே மார்க்கர் எழுத்தில்: ஹோமாரே.
தலை எண்ணும்போது டீச்சர் தேடுவாரே என்று
வண்டியைப் பூட்டிவிட்டு ஏறினேன்.
நுழைவுச்சீட்டில்
மதியச் சாப்பாடு போயிற்று.

முதல் முற்றத்திலேயே யானைகள்.
யானையைக் கண்ணால் காணாதவர்
வரைந்து கொடுத்ததாம்.
உயெனோ மிருகக்காட்சியில் நான் பார்த்திருக்கிறேன்.
இது அதுவல்ல.
காது தப்பு. வால் தப்பு.
ஆனாலும்
கேள்விப்பட்டதை ஒரு மனிதர்
எவ்வளவு நம்பியிருக்கிறார்!

குரங்கு ஒன்று வாய் பொத்தியிருக்க
அதன் எதிரே
ஒரே இரைச்சல்.

பிறகு படிகள், பிறகு அந்த வாசல்.
பொன்னும் வெள்ளையும்,
பல்லிளிக்கும் டிராகன்கள்,
விளையாட்டை நிறுத்தாத மரக் குழந்தைகள்.
உட்கார இடம் கிடைக்காமல்
கண் ஈயைப்போல் அலைந்தது.
பொழுது சாயும்வரை பார்த்தாலும் தீராதாம்.
எனக்கு இரண்டேகால் மணிவரைதான் நேரம்.

கோமினே டீச்சர் கையை உயர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார்:
"பன்னிரண்டு தூணில்
ஒன்றில் மட்டும் சுருள்கள் தலைகீழ்.
முழுதாக முடிந்துவிட்டால்
சரியத் தொடங்கும் என்று பயம்.
அதனால் முடிக்காமல் விட்டார்கள்."

கீழே முப்பத்தேழு தலை.
முப்பத்தேழு தொப்பி.
மறுபடி எண்ணினேன்.

பெயர்ப்பட்டையில் சுஸுனோ என்றிருந்த சிறுமி
என் கையைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.
"அதை ஏன் எடுத்தீங்க?
ஹோமாரே வரல.
ஏப்ரல்லேருந்து ஆஸ்பத்திரியில இருக்கான்.
அவங்க அம்மாகிட்ட கேட்டு வாங்கி
நான்தான் வச்சேன்.
அது அவன் சீட்."

குனிந்து மன்னிப்புக் கேட்டேன்.
வாசலுக்குக்கூட
அவ்வளவு குனியவில்லை.

தூங்கும் பூனையைப் பார்க்காமலே இறங்கினேன்.
தொப்பியை அதே இடத்தில்,
அதே சாய்வில் வைக்கப் பார்த்தேன்;
சரியாக வரவில்லை.
பெல்ட்டை இழுத்து
அதன் குறுக்கே மாட்டினேன்.

எல்லோரும் ஏறியதும்
டீச்சர் விரல் நீட்டி எண்ணிக்கொண்டே போனார்,
கடைசி வரிசையில் கொஞ்சம் நின்றார்.
"முப்பத்தெட்டு" என்றார்.

இங்கிருந்து ஏரிக்கு
மலைப்பாதை முழுக்க வளைவுகள்.
கண்ணாடியில் பின்னால் பார்த்தபடி
ஒவ்வொன்றையும்
மெதுவாகவே திருப்பினேன்.