இரண்டு மணித் திசை

"ஆசிட் தெறிச்சுதா?" என்று நான்தான் முதலில் கேட்டேன்.
சீட்டில் தொழில்: பால்வெட்டு என்று இருந்தது.
"ஆமா டாக்டரே, தெறிச்சிருக்கும்" என்றார்
பேச்சிப்பாறையிலிருந்து இரண்டு பஸ் மாறி
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே வந்திறங்கிய ஞானாபரணம்,
டாக்டர் சொன்னதை மறுத்துப் பழக்கமில்லாதவர்.
கண்ணைக் கழுவினேன். சொட்டுமருந்து எழுதினேன்.
என் கையெழுத்தில் அவருக்கு ஒரு நோய் உண்டானது.

எட்டாம் நாள் திரும்ப வந்தார்.
வலது கண் கொல்லாம்பழமாய்ப் பழுத்திருந்தது.
இடையில் மெடிக்கல்காரன் ஒரு டியூப் கொடுத்திருந்தான்.
கொழுந்தியாள் தன் பிள்ளைக்குப் போக
மிச்சப் பாலில் இரண்டு சொட்டு விட்டிருந்தாள்.
"மூடும்பளெல்லாம் உள்ள ஒருத்தன் இருந்து சீவுதான்."

மூடும்போது.
முதல் தடவை இந்தச் சொல்லுக்கு நான் இடம் விடவில்லை.

தாடையை இதில் வையுங்க. நெற்றி முட்டட்டும்.
என் காதைப் பாருங்க.
ஆரஞ்சுத் தாள் நனைந்து பச்சையாய்ப் பரவியது.
நீல வெளிச்சத்தில்
கருவிழியின் மேல்பாதி நெடுக
செங்குத்துக் கீறல்கள், நூல் நூலாக.
ஆசிட் கோடு போடாது.
ஆசிட்டுக்கு இத்தனை ஒழுங்கு கிடையாது.

மேல் இமையைப் பஞ்சுக்குச்சியில் புரட்டினேன்.
மூன்று மயிர்.

"வேர்வைய எதுல துடைப்பீங்க?"
"தோர்த்துல."
"தோர்த்த எங்க போடுவீங்க?"
யோசித்தார்.
ரப்பர் முடிகிற எல்லையில் ஒரு முருங்கை நிற்குமாம்.
மழை விட்டால் தூர் முழுக்கக்
கம்பளிப்பூச்சி அப்பிக் கிடக்குமாம்.
"அதுலதான் போடுவேன்.
விடிய முன்ன என்ன தெரியும்,
ஹெட்லைட்டு வெட்டுற எடத்தத்தானே காட்டும்"
என்றார், வேறு யாரோ செய்த தப்பைச் சொல்வதுபோல.

மரத்துப்போக மருந்து விட்டு
ஊசிமுனையில் ஒன்று, இரண்டு,
மூன்றாவது பாதியில் முறிந்து, அதன் பாதியும்.
வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டினேன்.
"இம்புட்டுக்கானா!"

நாலாவது இருந்தது.
கருவிழியைத் துளைத்து, நீரறையைக் கடந்து,
பழுப்புத் திரையில் இரண்டு மணித் திசையில்
மூக்கை நுழைத்துப் படுத்திருந்தது.
தோண்டினால் கண்ணைத்தான் தோண்டவேண்டும்.

அந்த மயிருக்குச் சுணை ஒருபக்கம்.
முன்னே போகும், பின்னே வராது,
இமைக்க இமைக்க உள்ளேதான்.
இதைச் சொல்லத் தெரியாமல் படம் வரையத் தொடங்கினேன்.
அவர் பேனாவை வாங்கிக்கொண்டார்.
இடது மேலிருந்து வலது கீழாக ஒரு சரிவு.
"கத்தி இந்தப் போக்குலதான் போவும்.
திருப்பி இழுத்தா பட்ட கிழியும்.
இதுவும் அதானா?"
அதுதான்.
"அப்போ விட்டிரணும்."
விட்டிட்டுப் பார்த்துக்கிட்டே இருக்கணும், மாசம் ஒரு தடவை.
எத்தனை மாசம் என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்.

ஆடியில் வந்தார். ஆவணியில் வந்தார்.
நான் கொடுத்த கண்ணாடியில் ஆவி படிகிறதாம், மரமே தெரியவில்லையாம்;
மகன் அதைப் போட்டுக்கொண்டு பைக் ஓட்டுகிறானாம்.
ஐப்பசியில் வரவில்லை.
மாடி ஜன்னலில் மழை. மழையென்றால் வெட்டில்லை,
வெட்டில்லாத மாதம் பஸ் காசும் இல்லை.

அவருடைய கோப்பை எடுத்தேன்.
முதல் பக்கத்தில் ஆசிட் அப்படியே இருந்தது.
குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில்
தேதி, கையெழுத்து.

கார்த்திகையில் வந்தார், கழுத்தில் தோர்த்துடன்.
"முருங்கைய வெட்டிட்டீங்களா?"
"என்னத்துக்கு? நல்லா காய்க்குதே."

விளக்கை அணைத்தேன். தாடை, நெற்றி, என் காது.
ஒளிக்கீற்றை ஓரமாக நகர்த்திக்கொண்டே போனேன்.
இரண்டு மணித் திசை.
அதே இடம். அதே சாய்வு.
மூச்சு என்னையறியாமல் கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது.

அவர் தலையை எடுக்கவில்லை.
இருட்டில் கேட்டார்:
"என்ன டாக்டரே, போயிட்டா?"