நூற்றில் ஐந்து

சஸ்கட்டூனில் இரவு இரண்டு மணி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வளர்ப்பறைக்குள் இருபது பாகை, கும்மிருட்டு,
நெற்றியில் மங்கிய பச்சை விளக்கோடு நான்.
பச்சை வெளிச்சத்தைச் செடி பொருட்படுத்தாது
என்பார் வாண்டா கொவல்சுக்.
எதற்கும் மூச்சைப் பிடித்தபடிதான் நுழைகிறேன்.

கடுகுக்குத் தூரத்துச் சொந்தம்,
தாளிக்க உதவாத ஒரு களை.
இரண்டு மணிக்கொருமுறை ஐந்து செடி:
வெட்டு, திரவ நைட்ரஜனில் போடு, எழுது.
ஓர் இலையை மட்டும் ஆல்கஹாலில் சூடாக்கினால்
பச்சையம் கழன்று
பழைய ரசீது போல வெளுத்துப்போகும்.
அதன்மேல் அயோடின்.

மாலையில் வெட்டியது
மை கொட்டியதுபோல் கறுக்கும்,
பகலெல்லாம் சேர்த்த மாவு.
நள்ளிரவு இலை மழைமேக நிறம்.
விளக்கு எரியுமுன் வெட்டியதில்
தேநீர்க் கறையளவு ஏதோ இருக்கும்.
நூற்றில் ஐந்து.

எல்லா நாளும் அதே ஐந்து.
கையிருப்பை இருட்டின் நீளத்தால் வகுத்து
மணிக்கு இவ்வளவு என்று
தன்னைத்தானே அளந்து தின்கிறது
விரல்கூட இல்லாத இலை.

இதே குளுக்கோஸ்தான் அதன் சுவரும்.
ஒன்று விட்டு ஒன்றைத் தலைகீழாய்க் கோத்தால்
நேராய் விறைத்து நிற்கும், செல்லுலோஸ்.
எல்லாம் ஒரே பக்கம் பார்க்கக் கோத்தால்
சுருண்டு படுத்து
பசிக்கும் நேரத்தில் அவிழும்.
சுவரைத் தின்ன முடியாது,
சோற்றின்மேல் சாய முடியாது.
நான் இரண்டையும் முயன்றிருக்கிறேன்.

நேற்று விளக்கை
நான்கு மணிநேரம் முன்பே அணைத்தோம்.
அதுதான் சோதனை.
சேமிப்போ குறைவு, இரவோ நீளம்.
பாதியில் பட்டினி கிடக்கும் என்று நானும்
கிடக்காது என்று வாண்டாவும்
ஒரு டோனட் பந்தயம்.

அதே பிற்பகல்தான் எனக்கும் மின்னஞ்சல்:
நிதி ஜூன்வரை வராது,
பிப்ரவரியோடு சரி.
வாடகை, பேருந்து அட்டை,
பல் வைத்தியருக்குப் பாக்கி
மூன்றையும் கையுறைப் பெட்டியின் முதுகில் எழுதி
வகுத்துப் பார்த்தேன்.
ஏப்ரல் ஒன்பதாம் தேதி தீர்ந்தது.
மறுபடி வகுத்தேன்.
பதினொன்று.

ஆறு மணிக்குக் கடைசி இலை.
வெளுத்த தட்டில் அயோடின் பரவுகிறது,
நான் குனிகிறேன்.

தேநீர்க் கறை.

யாரும் சொல்லாமலே
இருட்டு விழுந்த கணத்திலிருந்து
மெல்லத் தின்றிருக்கிறது.

டப்பென்று விளக்குகள் எரிய
முந்நூறு செடியும் எதுவும் நடக்காததுபோல்.
வாண்டாவுக்கு டோனட் வாங்க வேண்டும்,
ஒரு டாலர் எழுபது.
பெட்டியைத் திருப்பி
அதையும் சேர்த்து எழுதுகிறேன்.