விழுங்கிய பின் ஒரு வார்த்தை

விழுங்கியவன் ஏதாவது பேச வேண்டும்,
அதுதான் விதி.
மருந்தை வாய்க்குள் ஒளித்துக்கொண்டு
எவனாலும் தன் பெயரைக்கூடச் சொல்ல முடியாது.

பகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
செம்பனைக் குலை லாரிகள் திரும்பும் வளைவில்
எங்கள் கிளினிக்.
கம்பி ஜன்னல், காகிதக் கிண்ணம், மெத்தடோன்.
காலை எட்டு மணிக்குத் திறப்போம்.

இருபத்தேழு வருஷம் கேட்டிருக்கிறேன்
கசப்புக்கு அடுத்து வரும் வார்த்தையை.
"மழை வரும் போல, டாக்டர்."
"நேத்து நம்பர் ஒரே இலக்கத்துல போச்சு."
அஸ்மானுக்கு எப்போதும் "தெரிமா காசே".
ஆ லியோங் சீனத்தில் என்னவோ சொல்வான்;
ஆறு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது
அது அவன் நாயின் பெயரென்று.

இன்பராஜா மட்டும் தலையாட்டுவான்.
கண்ணால் சிரிப்பான்.
நாற்பது நாள் அந்தச் சிரிப்பைப்
பேச்சென்று பதிவேட்டில் எழுதினேன்.

நாற்பத்தோராம் நாள்
கழிவறைச் சுவரோரம்
ஐஸ் தண்ணீர்ப் பைக்குள் துப்பிக்கொண்டிருந்தான்.
தம்பிக்காம்.
"அவனுக்குப் பெரட்டு ஆறு மணிக்கு, டாக்டர்.
நீங்க எட்டு மணிக்குத்தானே கதவு திறக்கிறீங்க."

விதி, என்றேன்.
சிவப்பு மசியில் அவன் பெயரை அடித்தேன்.
கோடு நேராக வந்தது, ஸ்கேல் வைத்திருந்தேன்.

மூன்றாம் வாரம் போலீஸ் கூப்பிட்டது.
தோட்டத்துச் சாலை வாய்க்கால்.
பொடிக்குத் திரும்பியிருந்தான்.
வாய் திறந்திருந்தது.
உள்ளே ஒன்றுமில்லை.

அதன் பிறகுதான் எனக்குப் பதவி உயர்வு.
கிளினிக்குத் தலைவி, அப்புறம் மாவட்டத்துக்கு.
சிரம்பானில் கூட்டம், புத்ராஜெயாவில் கூட்டம்,
திரையில் ஏறும் பச்சைக் கோடு.
சிகிச்சையில் நிலைத்தவர்கள் இத்தனை சதவீதம்.
நிலைக்காதவர்களுக்கு ஓர் அடிக்குறிப்பு,
பின்வரிசைக்குத் தெரியாத அளவில்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று:
கதவு நாலரைக்குத் திறக்க வேண்டும்.
பதினொரு கடிதம்.
ஓவர்டைம் என்றார்கள், பாதுகாப்பு என்றார்கள்,
விளக்குக்கு மின்சாரம் யார் கணக்கு என்றார்கள்.
"போதைக்காரனுக்காக எந்த நர்ஸ் நாலு மணிக்கு எழுவாள்?"
நான் எழுகிறேன், என்றேன்.
எழுந்தேன்.
வீட்டில் பிடிக்கவில்லை;
அதையும் இங்கே மறைக்கப் போவதில்லை.

இப்போது நாலேகாலுக்கே
மோட்டார் சைக்கிள் விளக்குகள் வரிசையில் நிற்கும்.
குலை வெட்டும் கோல் பக்கத்தில் கட்டியிருக்கும்,
பூட்ஸ் மண் படியெல்லாம் அப்பியிருக்கும்.
சம்சுவை விட்டு ஒன்பது நாளான ஒருவன்
கை நடுக்கத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி
"சும்மா பார்க்க வந்தேன்" என்பான்.
பார்க்கட்டும்.

முதல் ஆள் பெரும்பாலும் குணாளன்.
தம்பி.
கோடு போட்டது யாரென்று அவனுக்குத் தெரியும்.
நன்றி சொன்னதில்லை, திட்டியதுமில்லை.
கிண்ணத்தை ஒரே மடக்கில் கவிழ்ப்பான்.
ஜன்னல் கம்பிக்கு நெருங்கி
ஒரே ஒரு வார்த்தை சொல்வான்:
"இன்பராஜா."
பெரட்டுக்குப் போய்விடுவான்.
எட்டு வருஷமாக அதே வார்த்தைதான்.

வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறேன்.
புது டாக்டருக்கு ஒப்படைப்புக் குறிப்பு எழுதினேன்:
சாவி எங்கே, குளிர்பெட்டி எப்போது மக்கர் செய்யும்,
யாருக்கு எத்தனை மில்லி.
கடைசியில் ஒரு வரி.

நாலரைக்கு வரும் முதல் ஆள்
விழுங்கியபின் சொல்வது அவன் பெயர் அல்ல.
திருத்த வேண்டாம்.