கேத்தில் வட்டம்

மாதத்தின் முதல் சனிக்கிழமை
திறப்பு என்னிடம்.
உரும்பிராயில் ஆறு அறை வீடு,
ஆள் இல்லை.
ஆள் இல்லாத வீட்டில் இவ்வளவு தூசி
எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்பதில்லை.
தூசிக்குத்தான் எனக்குச் சம்பளம்.

பைப்புகளில் தொடங்குவேன்.
எங்கள் கிணறுகளின் அடியில் சுண்ணக்கல்.
தண்ணீர் கல்லையும் கரைத்துக்கொண்டுதான் மேலே வரும்,
சொட்டுச் சொட்டாய்க் காய்ந்து
பைப்பின் வாயில் வெள்ளைப் பல் முளைக்கும்.
வினாகிரித் துணி சுற்றி அரை மணி விடவேண்டும்.
சுரண்டக்கூடாது.
சுரண்டினால் மினுக்கமும் போய்விடும்,
பிறகு எதைத் துடைப்பது?

யன்னல் கண்ணாடிக்குப் பழைய பேப்பர்.
மரண அறிவித்தல் பக்கம் நன்றாய்த் துடைக்கும்.
சிவப்புச் சீமெந்துக்குப் பொலிஷ்,
முழங்காலில் நின்று, கிழிந்த சாரத்துண்டால்,
வாசலை நோக்கிப் பின்வாங்கியபடி.
முதல் மாதம் மறுபக்கமாய்த் தொடங்கி
மூலையில் அகப்பட்டு
காயும்வரை நின்றிருக்கிறேன்,
வகுப்பில் தண்டனை வாங்கியவள் போல.

மேசை தனிக்கதை.
முதிரை மரம். எட்டுப் பேர் இருக்கலாம்.
ஈரம் ஆகாது, சூடு ஆகவே ஆகாது.

போன கார்த்திகையில்
என் கூரைத் தகரம் பக்கத்து வளவுக்குப் பறந்த இரவு
பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு வந்து
இந்தத் திறப்பைப் போட்டேன்.
கரண்ட் இல்லை.
தேத்தண்ணிக்குக் கொதிக்கவைத்த கேத்திலை
இருட்டில் எங்கே இறக்கினேன் என்று பார்க்கவில்லை.
விடிந்தபோது மேசை நடுவில்
வெள்ளையாய் ஒரு வட்டம்.
நிலவு மாதிரி என்றாள் சின்னவள்.
தலையில் ஒரு குட்டுப் போட்டேன்.

பற்பசை தேய்த்தேன்.
தேங்காயெண்ணெயில் உப்புக் குழைத்துத் தேய்த்தேன்.
கரண்ட் வந்தபின், துணி விரித்து
அதன்மேல் அயன்பெட்டியை மெல்ல ஓடவிட்டேன்.
ஒரு பக்கம் கொஞ்சம் கரைந்தது.
மிச்சம் இருந்தது.

ஒஸ்லோவிலிருந்து வதனராணி வட்ஸ்அப்பில் வந்தா.
"குசினியைக் காட்டுங்கோ. பாத்ரூம் பைப்பைக் காட்டுங்கோ.
மேசையைக் காட்டுங்கோ."
நான் உள்ளங்கையை அதன்மேல் வைத்திருந்தேன்.
"கையை எடுங்கோ பாப்பம்."
எடுத்தேன்.

அங்கே சத்தமில்லை.
லைன் அறுந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.
பிறகு மூக்கு உறிஞ்சுகிற ஒலி.
"அது அம்மா சோத்துப்பானை வைக்கிற இடம்.
இவ்வளவு நாளும் என்ர கண்ணில படேல்லையே.
அதை மட்டும் துடையாதேங்கோ, கலா."

ஓம் என்றேன்.
வேறென்ன சொல்வது?
அன்றிலிருந்து துணி அதைச் சுற்றித்தான் போகிறது,
கோயில் வீதியில் போவதுபோல் ஒதுங்கி ஒதுங்கி.

இந்த மாதம் அவ சொன்னா:
"ஒரு பக்கம் மங்குது போல கிடக்கு."
வெளிச்சம் காணாதக்கா என்றேன்.

போனை வைத்தபின்
குசினிக்குப் போய்க் கேத்திலை அடுப்பில் ஏற்றினேன்.
கொதித்ததும் தூக்கிவந்து
குனிந்து, ஒரு கண்ணை மூடி,
பழைய விளிம்பு பிசகாமல் இறக்கினேன்.

தண்ணீரை ஏன் வீணாக்குவான்?
தேயிலையும் போட்டுக்கொண்டேன்.