புதன்கிழமை றெஸ்லிங்: அருள்நேசனுக்கு

கோண்டாவில் டிப்போ, நேரக்கணிப்பாளர் மேசை.
ஓட்டத்தாளின்ர பின்பக்கத்தில எழுதுறன்.
முன்பக்கத்தில உன்ர கொழும்பு ஓட்டம்:
புறப்பாடு இரவு ஏழு நாற்பது, பத்து நிமிசம் பிந்தி,
காரணம் ஒரு குளிர்பெட்டி, ஏத்துறதா விடுறதா எண்ட சண்டை.
அந்தச் சண்டைக்கு நான் புள்ளி போடேல்லை.

முதலாவது, சோளக்கதிரும் பனங்காயும்.
ரீவிக்காரன் வேற பேர் சொன்னவன்,
எங்களுக்கு நாங்கள் வைச்ச பேர் போதும்.
நாலு நிமிசம். அதில மூண்டு
சோளக்கதிர் தன்ர தலைமயிரைக் கோதினது.
பனங்காய் விழுந்த விதம் மட்டும் திறம்:
முதல் தோள், பேந்து முதுகு, பேந்து உள்ளங்கை,
சுன்னாகத்தில பஸ் கூரையால வெங்காய மூட்டை இறக்கிறவையைப் போல
சத்தம் பெரிசு, சேதம் இல்லை.
பத்துக்கு மூண்டரை.

இரண்டாவதில பொம்பிளையள்.
எங்கட பெடியள் விசிலடிச்சு, வெட்கப்பட்டு,
கடைசியில வாய் திறந்தபடி இருந்தவங்கள்.
அந்தச் சின்னப் பிள்ளை, சிவப்புச் சப்பாத்து,
கயித்தில ஏறி நிண்டு
பாய முதல் ஒருக்கா மூச்சு விட்டாள்.
அந்த மூச்சுக்கு மட்டும் ஒரு புள்ளி.
மொத்தம் எட்டு.
குறைக்கச் சொல்லி டிலக்சன் கேட்டவன். குறைக்கேல்லை.

மூண்டாவது நடக்கவேயில்லை.
ஒருத்தன் மைக்கைப் பிடிச்சுக் கால்மணித்தியாலம் கதைச்சான்.
எலெக்சன் வரப்போகுதோ எண்டு பயந்திட்டம்.
பூச்சியம்.

போர்மன் தில்லையம்பலம் அண்ணை வழக்கம்போலக் கதவடியில நிண்டு
"உதெல்லாம் நடிப்படாப்பா" எண்டார்.
ஓம், நடிப்புத்தான்.
கதிரையால அடிச்சவன்
அடிக்க முதல் மற்றவன்ர கையை இரண்டுதரம் அமத்தினவன்.
கமெராக்காரன் கவனிக்கேல்லை, நான் கண்டனான்.
நீ றிவேஸ் எடுக்கேக்க பின்னால நிண்டு
தகரத்தில தட்டுவனே,
அதே தட்டு.
அடி வாங்கினவன் அடுத்த புதன் எழும்பி வருவான்
எண்டு தெரிஞ்சுகொண்டே பார்க்கிற அடி
எங்களுக்கு எப்பவாவது கிடைச்சதோ
எண்டு கேட்க வாய் உன்னினது.
அண்ணையின்ர வலக்காலைப் பார்த்தன்.
கேட்கேல்லை.
அவர் நிண்டபடியே கடைசிவரைக்கும் பார்த்தவர்.

இனிக் கடைசிச் சண்டை.
இதை முகம் கழுவி, தேத்தண்ணி குடிச்ச பிறகு வாசி.

சாக்கு தோத்துப்போனான்.
உன்ர சாக்கு. பதினேழு கிழமை தோற்காத சாக்கு.
இருபத்திரண்டு நிமிசம், எனக்கு ஈரக்குலை நடுங்கினது.
கொட்டன் அவனை இடுப்பில பிடிச்சுத் தூக்கேக்க
கரண்ட் போட்டுது.
இருட்டுக்குள்ள எட்டுப் பேர்.
டிலக்சன் ஜெனரேற்றருக்கு ஓடி,
ஒயில் கானில இடறி, ஏசி, இழுத்து,
வெளிச்சம் வரேக்க
முகமூடி கொட்டன்ர கையில.
எப்பிடிக் கழட்டினவன் எண்டு
எட்டுப் பேரும் எட்டு விதமாச் சொல்லுவாங்கள்.
நம்பாதை. ஒருத்தனும் காணேல்லை.

முகத்தைக் கண்டனான்.
எழுதமாட்டன்.
முகம் தெரியாதபடியாத்தான் அவன்ர பக்கம் நிக்கிறன்
எண்டு நீதானே சொன்னனீ.

சரி, ஒண்டு மட்டும்.
மிச்சக்காசு இருபது ரூபா கேட்காமல்
கொடிகாமத்தில இறங்கிப் போற ஆள் இருக்கெல்லே,
கொண்டக்ரர் கணக்குப் பார்க்கேக்கதான்
அப்பிடி ஒருத்தன் வந்தவன் எண்டே தெரியும்.
அந்த மாதிரி.

கோடுச் சேட்டு றெஃபறி துவாயால மூடப் பார்த்தவர்.
கமெராக்காரன் விடேல்லை, குனிஞ்சு குனிஞ்சு எடுத்தவன்.
அதுக்காக இரண்டு வெட்டிப்போட்டன்.
மிச்சம் ஏழரை.

அடுத்த புதனும் உனக்கு இரவோட்டம்தான்.
மாத்தச் சொல்லி மேல கேட்டனான்,
கேட்டதெண்டு எழுதி வைச்சிருக்கினம், அவ்வளவுதான்.
பின்ரயர் இடப்பக்கம் காத்துக் குறைவு.
பார்த்து எடு.