செலவு எண் முப்பத்தொன்று

நைரோபி, கிலிமானி, நான்காம் மாடி.
லிஃப்ட் இன்னும் பொருத்தவில்லை, சர்வர் வந்துவிட்டது.
நான்கு பேர் படிவழியே தூக்கி ஏற்றினார்கள்.
கூலி ஆயிரத்து அறுநூறு ஷில்லிங்:
என் பேரேட்டின் முதல் வரி.

உரிமக் கட்டணம்.
உரிமம் வரும்வரை சும்மா கிடந்த அறைக்கு வாடகை.
உரிமத்தை விரட்டிக்கொண்டுவரும் வக்கீலுக்கு
மதிய உணவு, மூன்று முறை, மூன்று முறையும் மீன்.

பந்தய விகிதங்களை லண்டனிலிருந்து வாங்குகிறோம்,
நொடிக்கு நொடி, டாலரில்.
நார்வேயின் இரண்டாம் பிரிவில் எவளோ ஒருத்தி
கார்னர் உதைத்தால்
இங்கே என் திரையில் ஒரு தசமம் நகரும்.
நகர்வதற்கும் விலை.

குறுஞ்செய்தி ஒன்றுக்கு அரை ஷில்லிங்,
எட்டு லட்சம் எண்கள்.
எண்கள் எங்கே கிடைத்தன என்று நான் கேட்கவில்லை.
ரசீதில் 'எழுதுபொருள்' என்றிருந்தது.

முதலாளி செருயோட் வெள்ளைப் பலகையில் எழுதினார்:
ஓர் ஆளைப் பிடிக்க எழுநூற்று நாற்பது.
அந்த ஆள் அதைத் திருப்பித் தர ஐந்து மாதம்.
"எங்கள் ஊர்ப் பசுகூட
போட்ட முதலை இவ்வளவு சீக்கிரம் தராது" என்றார்.
சிரித்தோம். நானும்தான்.
பலகையைப் படம் எடுத்துக்கொண்டேன், வங்கிக்கு அனுப்ப.

திறந்த இரவு,
முதல் பந்தயம் எங்கிருந்து வரும் என்று
வரைபடத்தின் முன் உட்கார்ந்திருந்தோம்.
மொம்பாசா? கிசுமு?
புள்ளி எங்கள் கட்டடத்தின் மேலேயே விழுந்தது.
கோளாறு என்றான் பொறியாளன் முத்தியானி.
கோளாறில்லை.
கீழே, வாசல் காவல் கூண்டில்,
சிமியு.
ஐம்பது ஷில்லிங். ஏழு ஆட்டம். ஏழும் சரி.

முப்பத்தெட்டாயிரத்து இருநூறு!
கைதட்டினோம், மெய்யாகவே தட்டினோம்.
மேலே அழைத்து ஆளுயரக் காசோலை கொடுத்தோம்.
காசோலை வெறும் அட்டை, அச்சுக்கூலி நாலாயிரம்;
பணம் அவருடைய ஆட்டக் கணக்கிலேயே இருந்தது.
தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள்,
காவலாளி என்று தெரியக் கூடாதாம்.
பிறகு போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்,
தெரிந்தால்தான் நல்லதாம்.

தொகையை நட்டத்தில் எழுதப் போனேன்.
"விளம்பரத்தில் எழுது" என்றார் செருயோட்.
செலவு எண் முப்பத்தொன்று.

அதன்பின் அந்த ஒரு கணக்கை மட்டும்
தினமும் திறந்து பார்த்தேன். என் வேலையல்ல அது.
ஐந்நூறு. ஐந்நூறு. இரண்டாயிரம்.
இரவு இரண்டேகாலுக்கு, உருகுவேயில் ஏதோ ஆட்டம்.
ஒருமுறை தொள்ளாயிரம் ஜெயித்தார்;
மறுநாள் காலை என் கார் கதவைத் தாமே திறந்துவிட்டார்,
எதையோ முணுமுணுத்துப் பாடியபடி.
பத்தொன்பதாம் நாள், மீதம் பதினொன்று.
பதினொரு ஷில்லிங்குக்கு நாங்கள் பந்தயம் எடுப்பதில்லை.

ஆக,
செலவு எண் முப்பத்தொன்று வரவாகி வந்து சேர்ந்தது,
அட்டைக்கான நாலாயிரம் நீங்கலாக.
ங்கோங் சாலை முனையில்
பேருந்து உயரத்துக்கு நிற்கிறார் சிமியு,
தொப்பியோடு, பல் தெரிய.

இன்று மாடிக்கு வந்தார், மூச்சு வாங்க.
சம்பளத்தில் முன்பணம், மூவாயிரம்.
காரணம் என்ற கட்டத்துக்குள்
'வீட்டு வாடகை' என்று முத்து முத்தாக எழுதியிருந்தார்.
வாடகையாகவும் இருக்கலாம்.
பேனா ஒரு கணம் நின்றது,
எந்தத் தலைப்பில் எழுதுவது:
ஊழியர் முன்பணமா, அடுத்த வார வருவாயா.

கையெழுத்துப் போட்டேன்.
தாளை மடித்தபடி கேட்டார்,
"லிஃப்ட் எப்போது வரும், மேடம்?"
அடுத்த காலாண்டு என்றேன், பணம் ஒதுக்கியாயிற்று.
தலையசைத்து இறங்கினார்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
அவர் போன் ஒருமுறை 'டிங்' என்றது.

அரை ஷில்லிங்.